வெடி என்று எழுதியிருந்த பெட்டி

அந்தப் பெட்டி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை ஒன்று கழித்துப்போட்ட மெயின் சுவிட்சின் இரும்புக் கூடு அது. பச்சைப் பெயின்ட் பாதி உரிந்துவிட்டது. மூடியின் நடுவில், பழைய லொறிகளில் சாரதி இடது காலால் மிதித்து முன்விளக்கைத் தாழ்த்துவாரே, அந்தச் சுவிட்ச். அதற்கு மேலே கத்தரிக்கோல் முனையால் சுரண்டிய தடம். வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டியிருக்கிறது. அங்கே ஒரு சொல் எழுதியிருந்தது. எழுதியவரும் சுரண்டியவரும் ஒரே ஆள்தான், என் அக்காவின் கணவர். சுரண்டச் சொன்னது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மச்சானுக்குக் கொட்டகலைக் கடைவீதியில் ஒரு தையல் கடை இருந்தது. கால்சட்டை வெட்டுவதில் ஹட்டன்வரை தனக்கு நிகர் இல்லை என்று சொல்லிக்கொள்வார். அடக்கம் அவர் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்குக் கிட்டார் வாசிப்பார். மற்ற நாட்களில் கல்யாண வீடுகளில் எங்கள் குழுவோடு வாசிப்பார். நான் அப்போது தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியன். குழுவில் பேஸ் கிட்டார் என் பொறுப்பு. என் வாசிப்பைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததே இல்லை. "நீ ஒழுங்கா வாசிக்கிற வாத்தியார்டா, அதான் உன் வியாதி" என்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராது. அப்படியொரு சமயத்தில்தான் சிற்றலை வானொலியில் யாரோ வெள்ளைக்காரன் வாசித்த கிட்டாரைக் கேட்டுவிட்டு மச்சான் கிறுக்குப் பிடித்தவராகிவிட்டார். கம்பியைத் தொட்டால் மணிச் சத்தம் வரவேண்டிய கருவி, கரகரவென்று உறுமிக்கொண்டு நீளமாக அழுதது. "துணி கிழியிற சத்தம் எனக்குத் தெரியாதா? அது கிட்டார் கிழியிற சத்தம். எனக்கு அது வேணும்" என்றார். அதற்குக் காலடியில் வைத்து மிதிக்கிற ஒரு பெட்டி வேண்டுமாம். ஹட்டனில் ரேடியோ திருத்துகிற கடையில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையின் கிழிந்த பக்கத்தைக் கண்டெடுத்து வந்தார். அதில் அந்தப் பெட்டியின் மின்சுற்றுப் படம் இருந்தது. "என்னடா இது, கோட்டுக்கு வெட்டுற பேட்டர்ன் மாதிரிதானே இருக்கு" என்று சொல்லி, வேலையைத் தொடங்கிவிட்டார்.

கடையில் மின்சாரம் இல்லை. ஈயம் பற்றவைக்கும் கருவியும் இல்லை. கரி போட்டுத் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு செப்புக் கம்பியைச் செருகிவைத்து, சிவந்ததும் எடுத்துப் பற்றவைப்பார். ஒரு தோட்டத்துக் கிளாக்கரின் புதுக் கால்சட்டை மடியில் ஈயம் சொட்டி ஓட்டை விழுந்தது. செத்த ரேடியோக்களிலிருந்து பிடுங்கிய டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கொன்றோம். சூடு கொஞ்சம் கூடினாலும் செத்துப்போகும் சாதி அவை. சூட்டில் தப்பியதை வேறு விதமாகக் கொன்றோம். பற்றரியின் நேர்முனைதான் அந்த வகைக்கு எர்த் என்பது எங்களுக்குத் தெரியாது. சிவப்புக் கம்பியை மேலேயும் கறுப்பைக் கீழேயும் தலைகீழாகக் கொடுத்து, சத்தமில்லாமல் சாகடித்தோம். மச்சான் பாதி யோசித்துத் திருத்துவார், மீதியைக் கெட்ட வார்த்தை சொல்லித் திருத்துவார். எது பலித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு மத்தியானம், லொறிப் பற்றரியில் ஓடிய சத்தப் பெட்டியில் செருகியபோது அது உறுமியது. மழைக்குக் கடையில் ஒதுங்கியிருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் பயந்து வெளியே ஓடினார்கள். மச்சான் சந்தோஷத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சத்தத்துக்குக் குழுவில் நாங்கள் வைத்த பெயர் வெடி. பாட்டின் நடுவில் "வெடியைப் போடுங்க மச்சான்!" என்று நான் கத்துவேன், அவர் மிதிப்பார். வெள்ளைப் பெயின்டால், கொம்பு சுழியெல்லாம் நீட்டி, மூடியில் 'வெடி' என்று எழுதியும் வைத்தார்.

ஆனால் நுவரெலியாவில் முதல் கல்யாணத்தில் பெட்டி மானத்தை வாங்கிவிட்டது. கடையில் கர்ஜித்தது அங்கே தொண்டை கட்டியவன்போல விட்டு விட்டு இருமியது. பற்றரியை மாற்றினோம், கம்பிகளைக் கழற்றி மீண்டும் பற்றவைத்தோம். கொட்டகலைக்கு வந்தால் நன்றாக இருக்கும், வெளியே போனால் இருமும். பிறகுதான் மச்சானுக்குப் பிடிபட்டது. கடையில் பெட்டி எப்போதும் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் நோய் குளிர். அதன்பின் வாசிக்கப் போவதற்கு முன் பெட்டியைச் சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருப்பார். மகன் பிறந்தபின் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பெத்த புள்ளைய ஒருநாளாவது இப்பிடிக் கட்டிப் புடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக் கலவரத்துக்கு அடுத்த வருடம் இறம்பொடையில் ஒரு கல்யாணம். வாசித்து முடித்ததும் கிட்டார்கள், டிரம்ஸ், சத்தப் பெட்டி எல்லாம் வேனில் போயின. மச்சான் அந்தப் பெட்டியை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டார். துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். என்னிடம் அடையாள அட்டை இருந்தது. மச்சானிடம் இல்லை. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுக்காரர்களுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்தவருக்கு, இந்திய வம்சாவளியினர் பலரைப்போல, பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. இந்தியாவுக்கும் போகமாட்டேன் என்று இருந்தவர்.

பையைத் திறந்த பொலிஸ்காரன் பெட்டியைப் பார்த்தான். இரும்புக் கூடு, உள்ளே பற்றரி, கம்பி, மேலே சுவிட்ச். இவ்வளவு ஆகியும் மச்சானின் முகத்தில் பயமில்லை. இதென்ன என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த மனிதர் அவர். எழுத்தைத் தொட்டுக்காட்டி, இங்கே என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான் பொலிஸ்காரன். மச்சான் பெருமையோடு வாசித்துக் காட்டினார்.

"வெடி."

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சிங்களத்திலும் வெடி என்றால் துப்பாக்கிச் சூடுதான். இரண்டு மொழிக்கும் பொதுவாக எத்தனையோ நல்ல சொற்கள் கிடக்க, எங்களுக்கு வாய்த்தது அது. வரிசையில் நின்றவர்கள் எங்களை விட்டு விலகினார்கள். மச்சான் சிரித்துக்கொண்டே, "இல்ல மாத்தியா, மியூசிக், மியூசிக்" என்று காலால் தரையை மிதித்துக் காட்டினார். முதல் அடி அப்போதுதான் விழுந்தது.

அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாளே நானும் அக்காவும் இறம்பொடைக்குப் போய்ப் கல்யாணப் பெண்ணின் தகப்பனைப் பார்த்தோம். அந்தப் பெட்டியின் சத்தத்துக்கு முதல்நாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடியவர். ஸ்டேஷனுக்கு வந்து, இவர் பாட்டுக்காரர் என்று ஒரு வார்த்தை சொல்லக் கேட்டோம். "பாட்டு கேட்டோங்க, இல்லேங்கல. பெட்டிய யாரு பாத்தா?" என்றார். காலம் கெட்டுக் கிடந்தது, அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது, எல்லாம் எனக்குப் புரியும். புரிந்ததனால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடவில்லை.

ஸ்டேஷன் பொறுப்பதிகாரி கடைசியில் ஒரு வழி சொன்னார். மியூசிக் பெட்டி என்றால் வாசித்துக் காட்டட்டும். நான் சத்தப் பெட்டியைச் சுமந்துகொண்டும், அக்கா கிட்டாரைத் தூக்கிக்கொண்டும் போனோம். மச்சானைக் கூட்டிவந்தார்கள். இடது கை விரல்கள் வீங்கியிருந்தன. பெட்டியை யாரோ உள்ளே கிண்டிப் பார்த்திருந்தார்கள். இரண்டு கம்பிகள் அறுந்து தொங்கின. அவர் ஒரு ஆணி கேட்டார். அதைச் சமையலறை அடுப்பில் நான் காய்ச்சிக் கொடுக்க, பழைய ஈயத்தையே உருக்கி, கம்பிகளை இருந்த இடத்தில் ஒட்டினார். கிட்டாரைச் செருகி மிதித்தார். பெட்டி இருமியது. பொலிஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கீழே பார்த்தேன். குளிர்ந்த சீமெந்துத் தரை, அதன்மேல் பெட்டி.

மச்சான் குனிந்து பெட்டியை எடுத்தார். அதைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். பைத்தியம் என்று ஒருவன் சொல்லிச் சிரித்தான். அவர் யாரையும் பார்க்கவில்லை. சட்டை விலகியபோது மார்பில் கன்றியிருந்த இடம் தெரிந்தது. அந்த இடத்தில் வைத்துத்தான் சூடேற்றினார்.

பிறகு வாசித்தார். நான் அவரோடு எத்தனையோ மேடைகளில் நின்றிருக்கிறேன், அப்படியொரு வாசிப்பைக் கேட்டதில்லை. வீங்கிய விரல்கள் கம்பியை அழுத்த முடியாமல் இழுக்க, அந்த இழுப்பே அழுகையாக வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கை தட்டினார்கள். சிங்களப் பைலாப் பாட்டு ஒன்று போடு என்றார்கள், போட்டார். இன்னொன்று கேட்டார்கள், அதையும் போட்டார். ஒருவன் மேசையில் தாளம் தட்டினான், இரண்டு பேர் இடுப்பை வளைத்து ஆடினார்கள். எங்களுக்குத் தேநீர் வந்தது. நான் குடித்தேன். அக்கா கோப்பையைத் தொடவில்லை. "அடிச்ச கைதான் தாளம் போடுது" என்று என் காதில் சொன்னாள்.

போகலாம் என்றார் பொறுப்பதிகாரி. நல்ல மனிதர்போலப் பேசினார். அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டுப் போகவேண்டும், வீண் பிரச்சினை எதற்கு என்றார். பிடிபட்ட அன்று மச்சானின் சட்டைப்பையிலிருந்து எடுத்துவைத்த சிறு கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து சுரண்டினார்.

அதன்பின் அவர் கிட்டாரைத் தொடவில்லை. விரல் ஆறிய பிறகும் தொடவில்லை. பூசைக்கு வேறு யாரோ வாசித்தார்கள், இவர் பின்வரிசையில் கை கட்டி நின்றார். ஒருநாள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம், எல்லாம் முடிந்துபோன கதைதானே மச்சான், இனி வாசித்தால் என்ன என்று கேட்டேன். நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு மாதிரி அது ஒருநாளும் பேசினதில்லடா. நம்ம கல்யாணங்கள்ல பேசல, கோயில்ல பேசல. அவனுங்க முன்னாடி பேசிச்சு பாத்தியா, அதத்தான் என்னால தாங்க முடியல." அவர் இறந்தபோது அக்கா பெட்டியை என்னிடம் தந்துவிட்டாள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, பிள்ளைகள் கொளுத்துவதை அவள் வீட்டில் பட்டாசு என்றுதான் சொல்லவேண்டும். அந்த மற்றச் சொல்லை யாரும் சொல்வதில்லை.

போன நத்தாருக்கு அக்காவும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவனுக்குக் கொழும்பில் வேலை, அங்கே ஒரு கோயிலில் கிட்டார் வாசிக்கிறான். புதிதாக வாங்கிய மிதிபெட்டியைக் காட்டினான். பளபளவென்று சிவப்பு. மேலே ஆங்கிலத்தில் பெரிதாக வெடிகுண்டு என்று அச்சடித்து, திரி எரிகிற குண்டின் படமும் போட்டிருக்கிறது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தானாம், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லையாம். கம்பனிக்காரன் ஆங்கிலத்தில் எழுதினால் அது வாத்தியம், தையல்காரன் தமிழில் எழுதினால் அது ஆயுதம். இதை அவனிடம் சொல்லவில்லை. அப்பாவின் பெட்டியைப் பார்க்கவேண்டும் என்றான், எடுத்து மேசைமேல் வைத்தேன். காலால் மிதிக்கவேண்டியதைக் கையால் அழுத்தினான். 'டக்' என்றது, இன்னும் உறுதியாக. பிறகு சுரண்டிய இடத்தை விரலால் தடவினான்.

"இதுல என்ன மாமா எழுதியிருந்துச்சு?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கப்போன நேரம் கையால் மறித்துவிட்டு எழுந்தாள். தெருப்பக்கத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப சொல்லு" என்றாள்.