இரண்டாக எண்ணப்பட்ட மிதி

ஆரணியில் பட்டுத்தறிகளின் தலையில் கம்ப்யூட்டர் ஏறத் தொடங்கியிருந்த காலம். டிப்ளமா முடித்துவிட்டு நான் அதற்கான பெட்டிகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். தலைக்கனத்துக்குக் குறைவில்லை. நெசவாளர் மிதியை ஒருமுறை அழுத்தினால், கீழே உள்ள என் பெட்டி ஒரு மின்துடிப்பை ஒயர் வழியே அனுப்பும். தறிக்கு மேலே, டிசைனுக்கு ஏற்ப நூல்களைத் தூக்கிவிடும் ஜக்கார்டு அதை எண்ணி, டிசைனில் ஒரு வரி நகரும். அவ்வளவுதான்.

ஒரு தறியில் என் பெட்டியின் சிப் போய்விட்டது. பழையதைவிட வேகமான சிப்பை மாட்டினேன். மறுவாரமே சேலையில் மயிலின் கழுத்து உடைந்து வந்தது. ஒரு வரி காணவில்லை.

"நான் ஒரு வாட்டிதாம்பா மிதிச்சேன். உன் பொட்டி ரெண்டுனு எண்ணுது" என்றார் நெய்த அக்கா.

"பொட்டிக்குத் தப்பா எண்ணத் தெரியாதுங்கக்கா. உங்க காலுதான் ரெண்டு வாட்டி மிதிச்சிருக்கும்."

தறி முதலாளி பக்கத்தில்தான் நின்றிருந்தார். மறுநாள் அக்காவை நூல் சுற்ற உட்கார வைத்துவிட்டார்.

ஒரு மாதம் போனபின், தறியில் புதிதாக உட்கார்ந்தவருக்கும் மயிலின் கழுத்து உடைந்தது. படித்த பாலிடெக்னிக்கில் கெஞ்சி, மின்துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை வாங்கிவந்து, ஒயரின் மேல்முனையில் வைத்தேன். திரையைப் பார்த்தேன். ஐந்து வோல்ட்டில் நிற்க வேண்டிய துடிப்பு ஏழைத் தாண்டிப் போய், ஒன்றுக்குக் கீழே விழுந்து, மறுபடி ஏறி, ஆடி ஆடி அடங்கியது. பஸ் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னே சாய்ந்து பின்னே சாய்வார்களே, அப்படி. அப்படி விழுந்து எழுந்ததைத்தான் ஜக்கார்டு சில நேரம் இன்னொரு மிதியாக எண்ணியிருக்கிறது.

தறி மெதுவாகத்தானே ஓடுகிறது என்று இருந்துவிட்டேன். எத்தனை முறை மிதிக்கிறார்கள் என்பது கணக்கே இல்லை. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு சடாரென்று ஏறுகிறது என்பதுதான் விஷயம். புதிய சிப்பின் அத்தனை வேகத்துக்கு நீள ஒயர் ஆகாது. துடிப்பு கடைசிவரை போய் மோதித் திரும்பும்.

என் ஒயரோ தேவையைவிட நான்கு மடங்கு நீளம். நெசவு வீட்டில் பிறந்தவன் நான். மிச்ச நூலை அறுத்தால் வீட்டில் அடி விழும். அந்தப் பழக்கத்தில் ஒயரையும் வெட்டாமல், பட்டு நூல் சிட்டம்போல அழகாகச் சுற்றித் தொங்கவிட்டிருந்தேன்.

வெட்டினேன். பெட்டியிலிருந்து ஒயர் கிளம்பும் இடத்தில் துடிப்பின் வேகத்தைத் தணிக்க ஒரு சின்ன ரெசிஸ்டரையும் வைத்தேன். கோடு ஐந்தில் ஏறிப் பேசாமல் நின்றது. தறி முதலாளியிடம் சொல்லிவிட்டு, நேராக அக்காவிடம் போனேன். ராட்டையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னுதுங்கக்கா. நாளைலேர்ந்து நீங்களே தறிக்கு வரலாமாம்."

ராட்டை நின்றது.

"அப்போ என் காலு நல்லாத்தான் இருக்குதா?" என்றார். "நீ சொன்னதை நம்பிகினு, வேலூருக்குப் போய் நரம்பு டாக்டராண்ட காட்டிட்டு வந்தேம்பா. ஒரு மாசமா மாத்திரை முழுங்கிகினு இருக்கேன்."