நைனாவின் கடைசிக் கூறு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் பன்றி அறுத்தால் கூறு போடுவது நைனாதான். கழுவிய தார்ப்பாயின் மேல் தேக்கிலைகளை வரிசையாகப் பரப்பி, சதை, கொழுப்பு, எலும்பு, ஈரல் என்று ஒவ்வொன்றிலும் எல்லாமும் இருக்கும்படி வைத்துக்கொண்டே போவார். கூறு போடுகிறவன் கடைசியில் மிஞ்சுவதைத்தான் எடுக்க வேண்டும் என்பது தெருவின் கட்டுப்பாடு. எந்த இலையில் குறைத்தாலும் அது தன் தலையிலேயே விடியலாம் என்பதால் கை தானாகவே நேர்மையாக நடக்கும். எல்லோரும் எடுத்துப் போன பிறகு நைனா அந்தக் கடைசி இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சீட்டி அடித்தபடி வீட்டுக்கு வருவார்.

நான் பொத்தேரிப் பக்கம் கேட்டரிங் டிப்ளமாவில் சேர்ந்த வாரத்தோடு அந்தச் சீட்டி நின்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். நைனா திருப்போரூர் முருகன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டுவிட்டார். நான் ஒரு வேலையில் நிலைத்து நின்றால் என் தலைமுடி முருகனுக்கு. அதுவரைக்கும் தான் பன்றிக்கறி சாப்பிடுவதில்லை.

"வேற எதுனா உட்ருக்கக் கூடாதா? பீடிய உட்டிருந்தா ஒடம்புக்காவது நல்லது" என்றாள் அம்மா.

"பீடி எனக்கு அவ்ளோ புடிக்காதுமே. புடிச்சத உட்டாத்தான் சாமி திரும்பிப் பாக்கும்."

கூறு போடுவதை மட்டும் அவர் விடவில்லை. கடைசிக் கூறு அதன்பிறகு எனக்கும் அம்மாவுக்கும் என்றானது. நாங்கள் சாப்பிடும்போது அவர் வெளியே போய் யாருடனாவது பேசிக்கொண்டு நிற்பார்.

படிப்பு முடிந்து மாமல்லபுரத்தில், கடற்கரைக்குப் போகும் தெருவில், ஒரு ரெஸ்டாரன்ட்டில் சேர்ந்தேன். கீழே சமையலறை, மேலே கீற்றுக்கூரை போட்ட சாப்பாட்டு இடம். வெள்ளைக்காரர்கள் வரும் மாதங்களில் மட்டும்தான் வேலை, அதிலும் ஞாயிறு எனக்கு விடுமுறை. மழை ஓய்ந்ததும் கூப்பிடுவார்கள், வெயில் ஏறியதும் அனுப்பிவிடுவார்கள்.

அங்கே ஒரு சீசனில் கல் செதுக்கக் கற்றுக்கொள்ள வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் தினமும் சாப்பிட வருவார். அவருடைய அப்பா கியூபாவிலிருந்து வேறு நாட்டுக்குப் பிழைக்கப் போனவராம். மெனுவில் சோள ரொட்டிக்குள் கறியை மடித்துக் கொடுக்கும் டாக்கோ இருந்ததைப் பார்த்துச் சிரித்தார். அது கியூபாவுக்குப் பக்கத்து நாட்டுச் சாப்பாடு, ஆனால் அதற்குள் தங்கள் ஊர்க் கறியை வைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றார். அவர்கள் ஊரில் பன்றிக்கறியைப் புளிப்பான ஒரு ஆரஞ்சுச் சாற்றில் பூண்டு, சீரகம், ஒரு வாசனை இலை எல்லாம் சேர்த்து இரவெல்லாம் ஊறவைப்பார்களாம். அந்த ஆரஞ்சு இங்கே ஏது? அம்மா ஊறுகாய்க்கு வைத்திருந்த நாரத்தங்காயைக் கொண்டுபோனேன். இலை என்ன வாசனை என்று அவர் விவரித்ததைக் கேட்டு, எங்கள் வாசலில் இருமலுக்கு வளர்த்த கற்பூரவல்லியையும் ஒரு கொத்து கிள்ளிப் போனேன். அவர் அதைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, இதேதான் என்றார்.

மாலையில் வீட்டில் சொன்னேன். நைனா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாரத்தங்கா, பூண்டு, சீரகம், கற்பூரவல்லி. இது இன்னாடா, கறியா கசாயமா?"

"மெய்யாலுமே நல்லாக்கீது நைனா."

"இருக்கும், இருக்கும். சளி புடிச்ச வெள்ளக்காரனுக்கு."

ஆனால் அடுத்த ஞாயிறு, கடைசிக் கூறில் நல்ல சதையாகத் தனியே எடுத்து வைத்தவர் அவர்தான். "கொண்ட்போ. நம்ம தெருக் கறிய அவங்களும் துண்ணட்டும்." அதிலிருந்து ஞாயிறுதோறும் நான் வீட்டிலேயே கறியைச் சாற்றில் ஊறவைத்து, மறுநாள் காலை எவர்சில்வர் தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். பஸ் வரும்வரை தூக்கை நைனா வைத்திருப்பார். மூடியை லேசாகத் திறந்து மோந்து பார்ப்பார்.

"மோந்தா வேண்டுதல் ஒடையாது" என்பார், நான் கேட்காமலே.

ரெஸ்டாரன்ட்டில் அந்தக் கறியைச் சிறு தீயில் மூடி வேகவைத்து, நார் நாராகப் பிரித்து, அதன் கொழுப்பிலேயே ஓரம் முறுகும்வரை வதக்குவேன். சோள மாவு ரொட்டி தட்டும்போதே விண்டுபோகும் என்பதால் பாதி மைதா சேர்ப்பேன். வாழைக்காயை வட்டமாக வெட்டிப் பொரித்து, நசுக்கி, மறுபடி பொரித்து மேலே வைப்பேன். அது அந்த மனிதர் சொல்லிக்கொடுத்தது. ரொட்டியை மடித்துக் கையில் கொடுத்தால் சாறு முழங்கைவரை வழியும். அவர் ஊருக்குப் போன பிறகும் அதைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு தட்டு மேலே போகும்போதும் இது நைனாவின் பங்கு என்று நினைப்பு வரும்.

ஒரு வெயில் காலத்தில், வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது, அவரிடம் வாதாடினேன்.

"வருசா வருசம் கூப்புடுறாங்க இல்ல? அது நெலயான வேலதான். ஒருவாய் துண்ணு நைனா."

"இதுவா நெல? பஸ்ல படியில தொங்கிகினு போற மாறி கீது. சீட்ல ஒக்காரு, அப்பறம் பாக்கலாம்."

ஒரு மார்கழி ஞாயிறு காலையில் கடல் பொங்கி ரெஸ்டாரன்ட் இருந்த தெருவுக்குள் வந்தது. நான் வீட்டில் நாரத்தங்காய் பிழிந்துகொண்டிருந்தேன். அன்று வேறு கிழமையாக இருந்திருந்தால் அந்தக் கீழ்த்தளச் சமையலறையில் நின்றிருப்பேன். அடுப்பு, பாத்திரம் எதுவும் மிஞ்சவில்லை. ஓனர் பூட்டிவிட்டுப் போனார். நான் கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிற ஆட்களுக்குச் சோறு வடிக்கப் போனேன். அந்த வருஷம் நைனா மெலிந்துகொண்டே வந்தார். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிய பிறகுதான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்.

அவர் படுக்கையில் இருந்தபோது ஓனர் திரும்பி வந்து கடையைப் புதுப்பித்தார். என்னைக் கூப்பிட்டு, இனி சீசன் பேச்சே கிடையாது, அடுத்த மாதத்திலிருந்து வருஷம் முழுக்க நீதான் சமையல் என்றார். நைனாவுக்குக் கறி கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். ஆசைப்பட்டதைக் கொஞ்சம் கொடுங்கள் என்றார்; அவர் அதைச் சொன்ன விதத்திலேயே இனி நாள் அதிகமில்லை என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் வேலை நிலைத்த சேதியோடும் தூக்கோடும் போய் நின்றேன்.

நைனா மூடியைத் திறந்து மோந்தார். முகம் மலர்ந்தது.

"எப்போலேர்ந்துன்னான் ஒங்க ஓனரு?"

"ஒண்ணாந்தேதிலேர்ந்து. வாயால சொல்லிட்டாரு இல்ல? முருகன் ஒத்துக்குவாரு நைனா."

"முருகன் ஒத்துக்குவாரு. நான் ஒத்துக்க மாட்டேன்." மூடியைத் திருகி என்னிடம் கொடுத்தார். "ஒண்ணாந்தேதி இன்னா, தோ வந்துரும். மொட்ட போட்டுகினு வா. ரெண்டு பேரும் ஒக்காந்து துண்ணலாம். வாழக்கா நெறைய போடு."

தூக்கை அப்படியே திருப்பி எடுத்து வந்தேன். ஒண்ணாந்தேதி வருவதற்குள் அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். கொள்ளி வைத்தவன் என்பதால் அங்கேயே என் தலையை மழித்தார்கள். முருகனுக்கென்று சொல்லி வைத்த முடி அது. கத்தி ஓடும்போது எனக்கு அந்த நினைப்புதான்.

பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும். மாமா, "பன்னிக்கறி இல்லாம இன்னா படையலு? செத்த பொறவு ஏது வேண்டுதல்?" என்றார். அம்மா அசையவில்லை.

"அவரு முடிக்காத வாக்க நாம ஒடைக்கக் கூடாது. பையன் முருகனுக்கு மொட்ட போட்டாத்தான் பன்னிக்கறி எல, இல்லன்னா கெடையாது."

மொட்டை போட முடி இல்லை. துக்க வீட்டார் வருஷம் திரும்பும்வரை மலைக்கோ கோயிலுக்கோ போவதும் இல்லை. காத்திருந்தோம். அந்த வருஷம் முழுக்க மாமல்லபுரத்தில் வெயிலிலும் மழையிலும் எனக்கு வேலை இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் டாக்கோ மடித்துக் கொடுத்தேன். நானும் ருசி பார்க்கவில்லை. உப்பை மற்ற ஆட்கள் பார்த்துச் சொன்னார்கள். தெருவில் வேறொருவர் கூறு போட ஆரம்பித்திருந்தார்.

முதல் தெவசம் முடிந்து வந்த ஞாயிறு, விடிந்ததும் திருப்போரூரில் முடி கொடுத்தேன். திரும்பி வந்தபோது, கூறு போட்டவர் தன் கடைசி இலையை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்றே ஊறவைத்து, மறுநாள் வேகவைத்து, ரொட்டி தட்டி, வாழைக்காய் நிறையப் பொரித்தேன். நைனா படத்துக்கு முன்னால் இலை போட்டு, ஒன்றை மடித்து வைத்தேன்.

அம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"மூடி வச்சா அவருக்கு இன்னா தெரியும்? தொறந்து வைடா."

நான் கை வைக்குமுன் அவளே ரொட்டியைப் பிரித்து, கறி தெரியும்படி இலையில் விரித்து வைத்தாள். கற்பூரம் அணைந்த பிறகு அதை இரண்டாகப் பிய்த்து ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். ஆறிப்போயிருந்தது.