எண்பது வரைக்கும் பயமில்லை

எனக்குக் காய்ச்சல் வந்தால் என் வீட்டுக்காரர் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல, கஞ்சி குடி" என்பார். அவர் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் சூடு ஏறினால் போதும், மனுஷன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். கல்யாணமான புதிதில் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது எனக்காக வந்த பெட்டிதான், இல்லையென்று சொல்லவில்லை. வேலூரில் ஓர் இன்ஜினீயர் ஆபீசில் வீடுகளுக்குப் பிளான் போடுவது என் வேலை. கட்டப்போகும் வீடு முடிந்தபின் எப்படி இருக்கும் என்று வண்ணப் படமாகவும் செய்து கொடுப்பேன். கல்யாணமாகி ஜவ்வாது மலைக்கு வந்ததும், இங்கிருந்தே வேலை செய்கிறேன் என்று கேட்டுப்பார்த்தேன். இன்ஜினீயர் அரைமனதாகத் தலையாட்டினார். "ஒரு மாசம் பார்ப்போம்மா. படம் நேரத்துக்கு வரலைன்னா நீ இங்க வந்து ஆஸ்டல்ல தங்கிடணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு புருஷனா? எனக்குச் சம்மதமில்லை. அவருக்கும்தான். ஆனால் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அவர் என் வீட்டுக்காரரே இல்லை.

சொல்வதற்குப் பதிலாக வேலூர் போய்ச் சாமான்களை வாங்கிவந்து, யூடியூபைப் பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டரைப் பூட்டினார். மலையில் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர் அவர். ஏற்றத்தில் இன்ஜின் சூடு காட்டும் முள்ளின் மேலேயே ஒரு கண் இருக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தார். பிராசஸரின் சூடு திரையின் மூலையில் எந்நேரமும் தெரியும்படி வைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார்.

"சும்மா இருக்கறப்ப நாப்பது, நாப்பத்தஞ்சு. வேலை செஞ்சா எழுவது. எண்பது வரைக்கும் பயமில்ல. தொண்ணூறத் தாண்டி ஏறிக்கினே போனா தானா ஆஃப் ஆயிடும்."

"நான் அப்டி ஆஃப் ஆவ மாட்டேங்க, பாத்து நடந்துக்குங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சூடு விஷயத்தில் அவருக்கு விளையாட்டே கிடையாது.

பெட்டியை வைத்த இடமும் அவர் மூளைதான். என் அறைக்கும் மாமியாரின் தானிய மூட்டைகள் கிடக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு சின்னச் சன்னல். அதை அடைத்த மாதிரி பெட்டியை நிறுத்தினார். முகம் என் பக்கம், முதுகு பின்னறைப் பக்கம். "சூட்டுக் காத்து அந்தாண்ட போயிடும். நீ இந்தாண்ட குளுகுளுன்னு உக்காந்து வேலை செய்யி" என்றார். ராஜயோகம்தான்.

மழை பிடித்தது. ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, எங்கள் பெட்டிக்கு மட்டும் கோடைக்காலம். நான் படம் செய்ய ஆரம்பித்தால் எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று என்று ஏறும். பிறகு பொசுக்கென்று அணைந்துபோகும். பாதிப் படம் போச்சு. சாயங்காலம் அவர் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் நாற்பத்திரண்டு. சாதுப் பிள்ளை.

"நல்லாத்தான காட்டுது? நீ கன்னாபின்னான்னு எல்லாத்தயும் தொறந்து வெக்கிற."

"உங்க எதிர்ல யோக்கியமாட்டம் நடிக்குதுங்க. அப்போ நான் பொய் சொல்றனா?"

பெட்டியைக் கழற்றினார், தூசி ஊதினார், பிராசஸர் மேல் தடவும் பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி தடவினார். கடைக்காரனைத் திட்டினார். யூடியூப்காரனையும் விடவில்லை. மறுநாள் பகலில் மறுபடி தொண்ணூறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்தப் படம் போவலைன்னா நான் வேலூருதான், தெரிஞ்சிக்குங்க!" என்று வீடு அதிரக் கத்தினேன். அவர் எழுந்துபோய்விட்டார். அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

படம் அனுப்பவேண்டிய நாளும் வந்தது. காலையிலேயே ஒருமுறை அணைந்துவிட்டது. அவர் ஜீப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுபது, எண்பது, எண்பத்தொன்பது. முதன்முறையாகத் தன் கண்ணால் பார்த்தார். கையைச் சன்னல் இடுக்கில் விட்டு எதையோ தடவினார், முகம் மாறியது, எழுந்து பின்னறைக்கு ஓடினார். "இங்க வா, உடனே வா" என்று குரல் வந்தது.

ஓடினேன். என் மாமியார் சன்னலுக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டியின் முதுகில், காற்று வெளியேறும் இடத்தை துளி இடம் விடாமல் அடைத்துக்கொண்டு, இரண்டு துணி மூட்டைகள். உள்ளே சாமை. வெயிலே இல்லாத மழையில் அதைக் காயவைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. மகன் ஜீப் சத்தம் கேட்டதும் எடுத்து வைத்துவிடுவாராம். அன்றைக்கு ஜீப் கிளம்பிப் போனதால் மகனும் போய்விட்டான் என்று நினைத்திருக்கிறார்.

"பொட்டியத் தொடாதன்னு சொன்னனா இல்லியாம்மா?" என்று இவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நான் எங்கடா தொட்டேன்? காத்துதான எடுத்துக்கினேன். அது சும்மாதான போவுது?"

எனக்கு வந்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வேலையே போகப் பார்த்தது, அந்தக் கோபம்கூட எங்கோ போய்விட்டது. "ஐயோ அத்த, வெயில் வந்தப்புறம் காய வெக்கக் கூடாதா? அப்டி இன்னா அவசரம்?" என்றேன்.

"நீ வேலூருக்குப் போறன்னு கத்தனியே. படம் நேரத்துக்குப் போவலைன்னா ஆஸ்டல்னு முன்னாடியே ரெண்டு பேரும் பேசிக்கினுதான இருந்தீங்க. ஆஸ்டல்ல இன்னாத்தப் போடுவாங்களோ. ஈரச் சாமைய குடுத்தனுப்பினா பூசணம் பூத்துடும்மா. அதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் மூட்டைகளை இறக்கி வைத்தார். நான் என் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு. பிறகு எழுபதிலேயே நின்றது. பொழுது சாய்வதற்குள் படம் முடிந்தது. அனுப்பியதும் இன்ஜினீயர் போன் செய்து, "நல்லா வந்திருக்கும்மா. நீ அங்கேயே இருந்து செய்யி" என்றார்.

பின்னறைக்குப் போய் மாமியாரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையை அவிழ்த்து, ஒரு பிடி சாமையை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னும் காயல" என்றார். "காயாட்டி இன்னா, இங்கதான துன்னப்போற."