குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கொழும்பிலிருந்து தொண்டு செய்ய வந்த எனக்குத் திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தை ஒதுக்கினார்கள். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. ஆடிக் கிருத்திகைக்கு மலையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் சுற்றுப்புறக் கிணறுகளில் காலரா மருந்து கலக்க வேண்டும். அதுதான் வேலை.

முதல் நாளே பேச்சில் குழப்பம் வந்தது. யார் என்ன கேட்டாலும், ஆமாம் என்பதற்கு எங்கள் வழக்கப்படி "ஓம்" என்பேன். அங்கே "ஆங்" என்பார்கள். எந்நேரமும் முருகனையே நினைத்துக்கொண்டிருக்கும் பெண் என்று எண்ணி இரண்டு பேர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கழனி வேலைக்குப் போகும் ஒரு பெண் எனக்குத் துணையாக வந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அந்த ஊரில் கிணறு இரண்டு. நிலம் உள்ளவர்களுக்கு ஊர் நடுவில் ஒன்று, இவளைப் போன்றவர்களுக்கு ஊர்க்கோடியில் ஒன்று. ஏன் என்று கேட்டேன்.

"அது அப்பிடித்தாங்க" என்றாள்.

முதலில் கோடிக் கிணற்றில் மருந்து கலந்தேன். அளவு தெரியாமல் தூளை அள்ளிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. விடிவதற்குள் தெளிய வேண்டிய தண்ணீர் மறுநாள் காலையிலும் ரோஜா நிறத்தில் கிடந்தது. குடத்தோடு வந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நானே இறைத்துக் குடித்துக் காட்டலாம் என்று வாளியை இறக்கினேன். தாம்புக்கயிறு கையிலிருந்து நழுவி, வாளியோடு உள்ளே போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள்.

"உங்க ஊர்ல கெணறே இல்லீங்களா?" என்று கேட்டாள் துணைக்கு வந்தவள்.

"வீட்டுக்குள்ளே குழாய் இருக்கு. திறந்தால் தண்ணி வரும்."

"எங்கேர்ந்து வருது?"

எனக்குத் தெரியவில்லை.

"அதுல மருந்து போடுறாங்களா?"

அதுவும் தெரியவில்லை.

"நீங்க மட்டும் தெரியாத தண்ணிய இத்தினி வருசமா குடிச்சிக்கினு இருக்கீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. அன்றே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன்.

இரண்டு நாளில் நிறம் தெளிந்தது. ஆனாலும் யாரும் கிணற்றைத் தொடவில்லை. ஏரியில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கிணற்றடிக்குப் போய் அதைப் படித்துக் காட்டினேன். கொழும்புக்கு வெகு தூரத்தில், காட்டு மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஏரி இருக்கிறதாம். அங்கிருந்துதான் எங்களுக்குத் தண்ணீர் வருகிறது, அதிலும் மருந்து கலக்கிறார்கள் என்று நகரசபையில் விசாரித்து எழுதியிருந்தார் அப்பா.

"உங்க நைனா போய்க் கேட்டாரா?" அவளுக்கு அது பிடித்திருந்தது. பிறகு கேட்டாள்: "அந்தத் தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதானா?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டில் துணி துவைக்க வந்தவள் நினைவுக்கு வந்தாள். அவள் எங்கள் குழாயைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தெருக்குழாயிலிருந்துதான் தூக்கிக்கொண்டு வருவாள். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதையும் சொன்னேன்.

துணைக்கு வந்தவள் தன் குடத்தில் கயிற்றைக் கட்டினாள். "தண்ணி ஒண்ணு, குழாய்தான் வேற" என்று சொல்லிவிட்டு ஒரு குடம் இறைத்தாள். வாயில் ஊற்றிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். மற்றவர்களும் குடங்களை முன்னால் நகர்த்தினார்கள்.

அந்த ஆடியில் அந்தக் கிராமத்துக்குக் காலரா வரவில்லை. அடுத்த முறை கோடிக் கிணற்றுக்கு மருந்து கரைத்தது அவள்தான். விடிந்ததும் போய்ப் பார்த்தோம். தண்ணீர் தெளிந்திருந்தது.