நான் ஏறினால் இழுக்காத கார்

கல்யாணமாகி நான் நாமக்கல் பக்கம் வந்தபோது அந்த வீட்டில் ஒரு கார் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். பழைய கார்தான், ஆனால் அதற்கு நடந்த மரியாதை எனக்கு நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். உள்ளே சாமி படம் ஒட்டியிருந்ததால் செருப்புக் காலோடு யாரும் ஏறக் கூடாது. பெண்கள் செருப்பைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட வேண்டும். டிக்கிச் சாவி மாமனாரின் சாவிக்கொத்தில் இருக்கும். அவருடைய செருப்பை டிக்கியில் வைக்கச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லாததால், அது மட்டும் கழற்றியபடி அவர் காலடியிலேயே கிடக்கும். டயர் அடி வைத்துத் தைத்த கனத்த தோல் செருப்பு. மகன் கல்யாணத்துக்கென்று சொல்லித் தைத்தது. அதுவும் நானும் அந்த வீட்டுக்கு ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தோம்.

காருக்கு ஒரு டிரைவரும் உண்டு. கோழிப்பண்ணைக்கு, சந்தைக்கு, வக்கீல் வீட்டுக்கு எல்லாம் அவர்தான் ஓட்டுவார். வீட்டுப் பெண்கள் ஏறினால் மட்டும் மாமனாரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிடுவார். வெளி ஆளை நம்பிப் பெண்களை அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. பஸ்ஸில் அனுப்பும் வழக்கம் சுத்தமாக இல்லை. அதனால் சேலத்தைத் தாண்டி அயோத்தியாப்பட்டணத்தில் இருந்த என் அம்மாவை நான் பார்க்க வேண்டுமென்றால், மாமனாருக்கு மனசு வர வேண்டும், நாள் நன்றாக இருக்க வேண்டும், மாமியாரும் கூடக் கிளம்ப வேண்டும். அப்பா போன பிறகு அம்மா தம்பியோடு இருந்தாள். நினைத்தால் போய்ப் பார்த்துவிடுகிற தூரம்தான். நினைப்பது மட்டும்தான் என் கையில் இருந்தது.

அந்த வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேரே பேசுவது கிடையாது. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்பதைக்கூட மாமியார் வழியாகத்தான் கேட்க வேண்டும். எனக்கோ பிறந்ததிலிருந்தே வாய் நீளம். அங்கே போய் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவள் மாதிரி ஆனேன். போதாக்குறைக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் ‘ங்க’ குறைவு. நான் ‘ஆமாம்’ என்று சொன்னால், அது ‘ஆமாங்க’ ஆகும்வரை மாமியார் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் தடவை அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது, ஆண்டகளூர் கேட் பக்கம் எதிரே ஒரு லாரி சேஸிஸ் வந்தது. பாடி கட்டுவதற்காக நாமக்கல்லுக்கு ஓட்டி வருவார்கள். கூரையில்லை, கதவில்லை, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டுவார் அதன் டிரைவர். அது குறுக்கே வர, மாமனார் சடாரென்று பிரேக் போட்டார். மறுபடி கிளப்பினால் வண்டி இழுக்கவில்லை. இஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, ஆனால் ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போனது. ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல் இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி பானெட்டைத் திறந்தார். பக்கத்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக் வந்து கார்பரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினார். வண்டி பறந்தது. பெட்ரோலில் தூசி என்று முடிவானது.

இரண்டாவது தடவை மல்லூரில் அதே கதை. இந்த முறை அவர் இறங்கவேயில்லை. வண்டியைத் திருப்பி, ஊர்ந்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் டிரைவர் நாமக்கல்லைச் சுற்றி வந்து, நல்லாத்தானுங்க இழுக்குது என்றார். ஆனாலும் ஆக்சிலேட்டர் கேபிளை மாற்றினார்கள். புதுக் கேபிளோடு மூன்றாவது தடவை கிளம்பினோம், புதுச்சத்திரம்கூடத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு யாரும் கேபிளைப் பற்றிப் பேசவில்லை, என்னைப் பற்றிப் பேசினார்கள். டிரைவர் ஓட்டினால் இழுக்கிறது, மெக்கானிக் ஓட்டினால் இழுக்கிறது, இவள் ஏறினால் இழுக்கவில்லை. இவள் வருவதற்கு முன்னால் இந்தக் கோளாறே கிடையாது. எல்லாம் உண்மைதான், ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியாது. ராசியில்லாதவள் என்று யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கார் கேட்டு வந்தபோது, புது மருமகள் வருகிறாளா என்று மட்டும் விசாரித்துக்கொண்டாள்.

ஆனால் அந்த மூன்றாவது தடவையே நான் காரணத்தைப் பார்த்துவிட்டேன். ஊர்ந்து வீடு வந்து சேர்ந்ததும், டிக்கியைத் திறந்தால்தானே என் செருப்பு கிடைக்கும் என்று அவர் கதவுப் பக்கம் வெறுங்காலோடு காத்து நின்றேன். மாமனார் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். செருப்பைக் காலாலேயே துழாவினார். ஒன்று வந்தது, இன்னொன்று வரவில்லை. சலித்துக்கொண்டு குனிந்து வெடுக்கென்று இழுத்தார். அது ஆக்சிலேட்டர் பெடலுக்கும் தரைக்கும் நடுவிலிருந்து வந்தது. பெடல் டொக்கென்று அதிர்ந்து நின்றது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, கேபிள் கடைக்காரனைத் திட்டியபடியே உள்ளே போனார். காரின் நோயைக் கையில் பிடித்துக்கொண்டே அதற்கு மருந்து தேடிப் போன மனுஷரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நின்ற இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. பிரேக் போட்டால் செருப்பு முன்னால் சறுக்கிப் பெடலுக்கு அடியில் போய்விடுகிறது. டிரைவர் தன் செருப்பை மாட்டுக்கொட்டகையிலேயே விட்டுவிட்டு வருகிறவர். மெக்கானிக் வண்டியைத் தொடும்போதோ மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நிற்கிறார். பிறகு கோளாறு எப்படிக் கண்ணுக்குத் தெரியும்?

கணவர் சாப்பிட வந்ததும் சொன்னேன். பிசைந்த சோற்றோடு கை அப்படியே நின்றது. புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு மறுபடி பிசையத் தொடங்கினார்.

“அப்பாகிட்டப் போயி உங்க செருப்பாலதான்னு நானா சொல்றது? நீ சும்மா இருந்துக்க.”

மாமியாரிடம் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். “மாமனாரு காலடியில என்ன கெடக்குதுன்னுதான் பாத்துக்கிட்டு நின்னியா? நல்லா இருக்குது உங்கூட்டு வளப்பு” என்றார். அதோடு சரி. என்ன கோளாறு என்று தெரிந்த ஒரே ஆள் நான், வாயைத் திறக்கக் கூடாத ஆளும் நான்தான். பொங்கலுக்கு அனுப்பவில்லை, ஆடிக்கும் அனுப்பவில்லை. வண்டி வழியில் நின்றால் அசிங்கம் என்றார்கள்.

ஒரு நாள் காலையில், எங்கள் முட்டைக் கடை ஃபோனுக்குத் தம்பி கூப்பிட்டுச் சொல்லியிருந்தான். அம்மா விழுந்துவிட்டாள், தண்ணீர்கூட இறங்கவில்லை, கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அக்கா வந்தாச்சா என்று கேட்கிறாள். கணவர் கேரளாவுக்கு முட்டை லோடோடு போயிருந்தார். மாமனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விஷயம் காதில் விழுந்ததும் நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார். செருப்பைக் கழற்றி எப்போதும்போலக் காலடியில் போட்டார். பின்சீட்டில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது விழுந்த சத்தத்தை நான் கேட்டேன்.

மல்லூர் தாண்டி ஒரு ஆட்டு மந்தை ரோட்டில் இறங்கியது. அவர் பிரேக் போட்டார். மந்தை போனதும் கிளப்பினார், வண்டி ஊர ஆரம்பித்தது.

கியரை மாற்றிப் பார்த்தார், சோக்கை இழுத்துப் பார்த்தார். வெயில் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. சேலம் போர்டு போட்ட பஸ்கள் ஹாரன் அடித்து அடித்து எங்களைத் தாண்டிப் போயின. அவற்றின் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போன பெண்களைப் பார்த்தேன். கையைக் காட்டினால் எந்த பஸ்ஸும் நிற்கும். நான் காட்ட முடியாது. அம்மா அங்கே கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள், நான் இங்கே ஒரு செருப்புக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

“இது சேலம் போயிச் சேராது. உருளறப்பவே ஊட்டுக்குத் திருப்பிரலாம். வண்டியப் பாத்துட்டு நாளைக்கு வரலாம்” என்று மாமனார் மாமியாரிடம் சொன்னார்.

மாமியார் பெருமூச்சு விட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மாமனார் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைத் திருப்ப ஆரம்பித்தார்.

“மாமா, உங்க செருப்பு ஆக்சிலேட்டருக்கு அடியில மாட்டியிருக்குதுங்க. அதை எடுத்துட்டு ஓட்டுங்க.”

கல்யாணமாகி அவரிடம் நான் நேரே பேசிய முதல் பேச்சு அது. அதில் செருப்பு என்ற சொல் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு மருமகள் மாமனார் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொன்னால், ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட அது போதும். இரண்டு இடத்திலும் மறக்காமல் ‘ங்க’ போட்டிருந்தேன். மாமியார் என் தொடையைப் பிடித்துக் கிள்ளினார், வலி மறுநாள் வரை இருந்தது.

வண்டி நின்றது. மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு குனிந்தார். டொக்கென்று பெடல் சத்தம் பின்சீட்டு வரை கேட்டது. செருப்பைக் கையில் வைத்துப் பார்த்தார். கதவைத் திறந்து, இரண்டு செருப்பையும் கோயில் வாசலில் விடுவதுபோல ரோட்டோரத்தில் சேர்த்து வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். அயோத்தியாப்பட்டணம் வரை வண்டி பறந்தது. தாண்டிப் போன பஸ்களையெல்லாம் நாங்கள் தாண்டினோம்.

அம்மாவுக்கு என்னைத் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, “கார்லயா வந்த? வழியில நிக்கலியா?” என்று கேட்டாள். என் ராசி அவள் காது வரை போயிருந்தது. நிற்கவில்லை என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. சாயங்காலம் போய்விட்டாள்.

அன்றைக்கு வாசலில் காய்ந்த மண்ணில் மாமனார் வெறுங்காலோடு நின்றார். பெரிய மனுஷர் இப்படி நிற்கிறாரே என்று யாரோ கேட்டதற்கு, வேண்டுதல் என்றார். நான் உள்ளேயிருந்து கேட்டேன். அழுகைக்கு நடுவிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் அவர் செருப்பில்லாமல்தான் வீட்டிலிருந்து இறங்குவார். டீக்கடையில் நிறுத்தினால் உருகும் தாரில் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்பார். ஒருமுறை பாதம் கொப்பளித்துவிட்டது. அதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் கோளாறு எதனால் வந்தது என்று ஒரு சொல், வீட்டில் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. வண்டியும் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

என் மகனுக்கு முதல் மொட்டை எடுக்கக் கோயிலுக்குக் கிளம்பிய காலை, பக்கத்து வீட்டுக்காரி கார் ஜன்னலோரம் வந்து நின்றாள். இப்பவெல்லாம் வண்டி நல்லா ஓடுதுங்களா என்று மாமியாரிடம் கேட்டாள். மாமியார் என் தோளில் தோள் உரச உட்கார்ந்திருந்தார்.

“இவ ராசிக்கு வண்டி எங்கீங்க இழுக்கும்? எல்லாம் அவரு செருப்பில்லாம நடக்கற வேண்டுதல்ல ஓடுது” என்றார்.

காருக்குள் இருந்த பெரியவர்கள் மூன்று பேருக்கும் அது பொய் என்று தெரியும். ஸ்டியரிங்கில் இருந்த மாமனார் கண்ணாடியில் ஒருதரம் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அவர் வெறுங்காலால் ஆக்சிலேட்டரை மிதித்தார். பெடல் முழுசாக இறங்கியது. வண்டி நன்றாக இழுத்தது.