மூணடி பின்னால் போன வேலி

கம்பிவேலி போடப் போனா காபி கிடைக்கும். போட்ட வேலியைப் பிடுங்கப் போனா பச்சைத்தண்ணிகூடக் கிடைக்காது. இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்ட சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

தெருவுல நின்ன வேலி

திருக்கோகர்ணத்துல தங்கராசு அண்ணன் வீட்டுக்கு வேலி போட்டது நான்தான். அவர் காலால கோடு கிழிச்சு, இதுதான் எல்லைன்னார். நானும் சர்வே கல்லைத் தேடாம கல்லுக்கால் நட்டுத் தொலைச்சேன். தெருவுக்குள்ள மூணடி! அதோட அந்தச் சந்துக்குள்ள ஆட்டோ வரத்து நின்னுபோச்சு. எதிர்வீட்டு சகாயமேரி அக்காவோட புருசனுக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். அவரைப் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு, ஆளுகளைக் கெஞ்சிக் கூப்பிட்டு, தெருமுக்குவரைக்கும் தூக்கிட்டுப் போகும் அந்த அக்கா.

யாரோ மனுப் போட்டு, வேலியை எடுக்கச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் வந்துருச்சு. பிடுங்குற வேலையும் என் தலையிலதான் விழுந்துச்சு. கடப்பாரையோட போய் நின்ன என்னை அண்ணன் ஏற இறங்கப் பார்த்தார். "எல்லைக்கல்லு எங்க இருக்கு? காட்டுடா பாப்போம்!"

மஞ்சள் பூசின சாமி

காலையிலேருந்து தோண்டுறேன், கல்லைக் காணோம். வெயில் மண்டையைப் பிளக்குது. வேலிக்கு உள்ளாற மஞ்சள் பூசி, பொட்டு வெச்சு, செம்பருத்தி சாத்தின சின்னக் கல்லு ஒண்ணு இருந்துச்சு. அண்ணன் சம்சாரம் கமலா அக்கா தினமும் கும்பிடுற சாமி. அண்ணனே செருப்பைக் கழட்டிட்டுத்தான் அதுகிட்டப் போவார்.

அவர் கடைக்குப் போன நேரம், அக்கா ஒரு சொம்புத் தண்ணியை சாமி தலையில ஊத்தித் தேய்ச்சுச்சு. அம்மாடியோவ்! மஞ்சளுக்கு அடியில சர்வே குறி! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அக்கா சாவகாசமா சொல்லுச்சு: "வெறுங்கல்லா கெடந்தா அவுக என்னைக்கோ பேத்து எறிஞ்சிருப்பாக தம்பி, அதான் சாமியாக்கிட்டேன்."

மனு எழுதின கை

கடையிலேருந்து வந்து குறியைப் பார்த்த அண்ணன், "சரி, பிடுங்கித் தொலைடா"ன்னார். மறுநாள் கடைசிக் கல்லுக்காலையும் பிடுங்கி, கல்லுக்கு நேரா நட்டோம். அன்னிக்கு டயாலிசிஸ் நாள். ஆட்டோ சந்துக்குள்ள வந்து மேரி அக்கா வாசப்படியிலயே நின்னுச்சு. அவுக புருசன் செவத்தைப் பிடிச்சுக்கிட்டு நாலு எட்டு வெச்சுத் தானாவே ஏறினார். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நான் நட்ட மூணடி ஒரு மனுசனை இந்தப் பாடு படுத்தியிருக்கே!

அண்ணனுக்கு மட்டும் ஆறல. "ஏம்மா மேரி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மனுப் போட்டுட்டியே!"ன்னு சத்தம் போட்டார். மேரி அக்கா ஒண்ணும் புரியாம முழிச்சுச்சு. வேலிக்கு இங்கிட்டு நின்ன கமலா அக்கா முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு முன்னால வந்துச்சு. "அவளை ஏன் வையிறீக? மனு எழுதினது நான்."

இப்பெல்லாம் எந்த வீட்டுக்கு வேலி போடப் போனாலும் முதல்ல வீட்டுக்கார அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, அப்புறந்தான் சர்வேயருக்கு போன் போடுறேன்.