ஸனூஸியின் உப்பு அறை

இன்று மத்ரூஹ் நகரில் சிமென்ட் அடுக்குமாடிகள் கட்டித் தரும் ஸனூஸி, அந்தக் காலத்தில் சிமென்ட் என்றாலே முகத்தைச் சுளிப்பான். சீவா பாலைவனச் சோலையிலிருந்து எங்கள் அலெக்சாண்ட்ரியாவுக்குக் கட்டடக்கலை படிக்க வந்தவன். அப்படியொரு பிடிவாதக்காரனை நான் கண்டதில்லை.

இறுதியாண்டுத் திட்டத்துக்காக நாங்களெல்லாம் அட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது, அவன் ஊரிலிருந்து லாரியில் உப்புக்கட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். அவன் ஊரில் ஏரி உப்பும் களிமண்ணும் சேர்ந்தால்தான் வீடு. கல்லூரி முற்றத்தில் அதைக்கொண்டே ஓர் அறை எழுப்பினான். ஒரு வாசல், கூரையில் ஒரு திறப்பு. உள்ளே நின்றால் சுவரெல்லாம் மினுங்கும். பொல்லாத அழகு!

வெறும் மதிப்பெண்ணுக்காக அவன் அதைக் கட்டவில்லை. ஊரிலிருந்த பழைய உப்பு வீட்டை இடித்துவிட்டு சிமென்ட் வீடு கட்ட அவன் வாப்பா துடித்துக்கொண்டிருந்தார். "உன் காலேஜ்ல அது மாதிரி ஒண்ணு நின்னு காட்டட்டும். நான் வீட்டுல கை வைக்கல" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"டேய், காசிம் வரப்போகுது. மேல தார்ப்பாய் போடு" என்றேன். எங்கள் குளிர்காலப் புயல்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. காசிம் டிசம்பரில் வருபவன்.

"மழைக்குப் பேரு வேறயா? உங்க ஊர்ல வேற வேலையே இல்லையா, ரக்தா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். "தார்ப்பாய் போட்டா வெளிச்சம் செத்துடும். ரெண்டு தூறலுக்கு இவ்வளவு பயமா!"

அவன் பார்த்த மழை அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதிப்பீட்டு நாள் காலையில் காசிம் வந்தான். நாங்கள் பிடித்த தார்ப்பாயைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. சுவர்கள் வழுவழுத்து, கரைந்து, இடுப்பளவுக்கு உட்கார்ந்துவிட்டன. பஸ்ஸேறி வந்திருந்த வாப்பா நனைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஸனூஸியோ சேற்றை அள்ளி அள்ளி அப்பிக்கொண்டிருந்தான்.

"விடுப்பா. போதும்" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குடைகளோடு பேராசிரியர்கள் வந்தார்கள். தலைமை தாங்கியவர் அந்தச் சேற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அற்புதம்! தன் முடிவையும் தானே சொல்ற கட்டடம்!" என்றார். வகுப்பிலேயே முதல் மதிப்பெண். நாங்கள் கைதட்டினோம். வேறென்ன செய்வது?

வாப்பா மூத்த மகனுக்குப் போன் போட்டார். "நிக்கலடா. ஆளுங்கள வரச்சொல்லு. கூரையப் பிரிச்சிடுங்க."

"வாப்பா, எனக்குத்தான் முதல் மார்க்கு" என்றான் ஸனூஸி.

"கேட்டேன்பா. நல்லா இரு." அவர் அவன் கையிலிருந்த சேற்றைத் தன் அங்கியால் துடைத்தார். "அந்த வீட்டுக்குள்ளதானே உன் தங்கச்சி புள்ளைங்க தூங்குது."